3.54 ஆ, 4.10 ஆ? பழைய கம்மின்ஸ் டாட்ஜ் ராமுக்கு எந்த ரேஷியோ

1994 முதல் 2002 வரை அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 டீசல் பிக்கப்பை செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். டிஃப்ரன்ஷியலில் 3.54 இருக்கிற வண்டியை எடுப்பதா, 4.10 இருக்கிற வண்டியை எடுப்பதா? (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸில் இருந்து பின்னால் வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் இந்த எண்.) யாரிடம் கேட்டாலும் உடனே வருகிற பதில், "லோடு இழுக்கணும்னா 4.10, சும்மா ஓட்டணும்னா 3.54". பாதி சரியான பதில்தான், ஆனால் அந்த மீதிப் பாதியில்தான் பணமும் இன்ஜினும் வீணாகின்றன. கனமான லோடோடு மலை ஏறும்போது 4.10 வண்டி 3.54 வண்டியைவிட மெதுவாகப் போகிற நிலைமைகூட வரும். எப்படி என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ரேஷியோவையே அல்ல. உங்கள் வண்டி அதிக நேரம் எந்த வேகத்தில், எவ்வளவு எடையோடு, எப்படிப்பட்ட சாலையில் ஓடப்போகிறது என்று பாருங்கள். அந்த வேகத்தில் இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்மில் சுற்ற வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதை முடிவு செய்துவிட்டால் ரேஷியோ தானாக வந்து விழும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் வாங்கி ஆறு மாதத்தில் கியர் செட் மாற்ற மெக்கானிக்கைத் தேடி அலைகிறார்கள்.

இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்மின்ஸ் பி சீரிஸ், ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக். 1989 இல் முதன்முதலாக டாட்ஜ் பிக்கப்பில் ஏறியபோது 2,500 ஆர்.பி.எம்மில் 160 குதிரைத் திறன். நம்மூர் ஆட்களுக்கும் இது தெரிந்த இன்ஜின்தான், 1993 இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்து டாடா லாரிகளில் பொருத்தியது இதே குடும்பத்து 5.9 ஐத்தான். அதாவது இது லாரி இன்ஜின், பிக்கப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் குணமும் லாரி குணம்தான்.

1996 முதல் 1998 வரை வந்த 12 வால்வு மாடலை மேனுவல் கியர்பாக்ஸோடு எடுத்துக்கொள்வோம். 1,600 ஆர்.பி.எம்மில் 440 பவுண்டு அடி டார்க் (சுழற்று விசை), அதாவது 600 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 2,600 ஆர்.பி.எம்மில் 215 குதிரைத் திறன். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் 2,600 இலும் டார்க் 434 வருகிறது. ஆக 1,600 இல் இருந்து 2,600 வரை டார்க் ஏறக்குறைய ஒரே அளவு. இதன் பொருள் என்ன? சக்தி என்பது டார்க்கையும் ஆர்.பி.எம்மையும் பெருக்கி வருவது. டார்க் மாறாமல் இருந்தால் சக்தி ஆர்.பி.எம்முக்கு நேர் விகிதத்தில் ஏறும். 1,750 இல் சுமார் 145 குதிரை, 2,000 இல் 166, 2,500 இல் 207. மேட்டில் உங்களைத் தூக்கிக்கொண்டு போவது இந்தச் சக்திதான், டார்க் எண்ணை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது.

இன்னொரு பக்கம், இந்த இன்ஜின் 1,500 க்குக் கீழே சுமையோடு ஓடப் பிரியப்படாது, 2,500 ஐத் தாண்டினால் கவர்னர் (ஆர்.பி.எம்முக்கு வரம்பு வைக்கும் பாகம்) டீசலைக் குறைக்க ஆரம்பித்துவிடும். பெட்ரோல் இன்ஜின் 1,500 இல் இருந்து 5,500 வரை ஓடும்போது இதற்கு உள்ள இடம் வெறும் ஆயிரம் ஆர்.பி.எம்தான். ரேஷியோ பற்றிய எல்லாச் சண்டைக்கும் மூலம் இந்தக் குறுகிய இடம்.

1,500 க்குக் கீழே டாப் கியரில் போட்டு அழுத்தினால் இன்ஜின் முக்கும். முக்குவது என்றால் வெறும் சத்தம் அல்ல. ஆர்.பி.எம் குறைவாக இருக்கும்போது டர்போவில் காற்று போதாது, பம்பு டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கும், புகை கருக்கும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். டர்போவுக்கு முன்னால் அளக்கும்போது 700 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் காலை எடுக்க வேண்டும் என்பது இந்த வண்டி ஓட்டுகிறவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை, ஏனென்றால் பிஸ்டன் அலுமினியம். அப்புறம் ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவே இடைவெளி கூடுவதால் அதிர்வு கியர்பாக்ஸ் வரைக்கும் இறங்கும். என்.வி.4500 ஐந்து கியர் பெட்டியில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட்டு கழன்று, கியரே ஷாஃப்டில் இருந்து நகர்ந்துவிடுவது இந்த வண்டிகளில் பரவலாகத் தெரிந்த பலவீனம். ஓவர்டிரைவில் (ரேஷியோ 1.00 க்குக் கீழே இருக்கும் மேல் கியர், இங்கே ஐந்தாவது) போட்டுக் குறைந்த ஆர்.பி.எம்மில் முக்கவிட்டால் அது சீக்கிரம் வரும்.

மேல் பக்கமும் கணக்கு இருக்கிறது. 120 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்மில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 8 மீட்டர், 2,500 இல் 10 மீட்டர். உடைந்துவிடாது, ஆனால் உராய்வு ஏறும், உராய்வுக்கும் சேர்த்து டீசல் போகும், கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது வலிக்கும். எட்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் போகிறவர் 2,400 இல் கத்துகிற இன்ஜினோடு போகவே கூடாது என்பது என் கருத்து. 1,700 முதல் 2,100 வரை, இதுதான் நாள் முழுக்க ஓடச் சரியான இடம். காலி வண்டி என்றால் அதன் கீழ்ப் பாதி, ட்ரெய்லர் மாட்டியிருந்தால் மேல் பாதி.

இனி கணக்கு. கி.மீ. வேகத்தை மொத்த ரேஷியோவால் பெருக்கி, அதை 5.3 ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (மீட்டரில்) வகுத்தால் ஆர்.பி.எம் வரும். மொத்த ரேஷியோ என்பது கியர்பாக்ஸ் ரேஷியோவையும் டிஃப்ரன்ஷியல் ரேஷியோவையும் பெருக்கியது. 245/75 ஆர்16 டயரின் விட்டம் 0.774 மீட்டர். எடையில் டயர் கொஞ்சம் அமுங்குவதால் உண்மையில் இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாகக் காட்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்.வி.4500 இன் ஐந்தாவது கியர் 0.73. 105 கி.மீ. வேகத்தில், அதாவது 65 மைலில், 3.54 வண்டி 1,860 இல் ஓடும், 4.10 வண்டி 2,150 இல் ஓடும். 88 கி.மீ. (55 மைல்) வேகத்தில் 1,560 உம் 1,800 உம். 120 கி.மீ. (75 மைல்) வேகத்தில் 2,125 உம் 2,460 உம்.

இந்த ஆறு எண்களை வைத்துக்கொண்டு நீங்கள் இருக்கிற மாநிலத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல். அங்கே 3.54 வண்டி ஓவர்டிரைவில் 1,560 இல், முக்குவதற்கு ஒரு படி மேலே நின்றுகொண்டு இழுக்கும். கொஞ்சம் எதிர்க்காற்று அடித்தாலே நான்காவது கியருக்கு இறக்க வேண்டியதுதான். 4.10 அங்கே 1,800 இல் நிம்மதியாகப் போகும். மேற்கு டெக்சாஸில் 75, 80 மைல் பலகைகள் நட்ட சாலையில் நிலைமை அப்படியே திரும்பிவிடும். 4.10 வண்டி கவர்னர் வாசலில் போய் நிற்கும், 3.54 வண்டி 2,125 இல் தாராளமாக ஓடும். ஒரே வண்டி, ஒரே இன்ஜின், ஊர் மாறினால் பதில் மாறுகிறது. ஆனாலும் ட்ரெய்லரோடு 75 மைலில் போகிற பழக்கம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ட்ரெய்லருக்கென்றே வரும் டயர்கள் பலவற்றுக்கு 65 மைல்தான் வரம்பு, தவிர 75 இல் இருந்து 65 க்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். டீசல் மிச்சம் என்று ரேஷியோவை மாற்றுகிறவர்கள் முதலில் காலைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாம், செலவே இல்லை.

சமதளத்தில் லோடு இழுப்பதைப் பார்ப்போம். வண்டி 3 டன், ட்ரெய்லர் 5 டன், மொத்தம் 8 டன். உயரமான பெட்டி போன்ற ட்ரெய்லர் என்று வைத்துக்கொண்டால் 105 கி.மீ. வேகத்தில் காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்க, கியரில் வீணாவதையும் சேர்த்து, இன்ஜின் 125 குதிரை போலக் கொடுக்க வேண்டும். இது என் தோராயக் கணக்கு, ட்ரெய்லரின் முகப்பைப் பொறுத்து மாறும். 3.54 வண்டி அந்த வேகத்தில் 1,860 இல் 154 குதிரை வரை தரும். போதும். ஆனால் சாலை ஒரே ஒரு சதவீதம் ஏறினால் இன்னும் 35 குதிரை கேட்கும், மொத்தம் 160. ஒரு சதவீத ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் 3.54 வண்டி அங்கேயே மூச்சு வாங்கும். 2,150 இல் 178 குதிரை வைத்திருக்கிற 4.10 வண்டிக்கு அது ஒன்றும் தெரியாது. 4.10 க்கு இருக்கிற நல்ல பெயர் முழுக்க இங்கிருந்து வந்ததுதான், நியாயமான பெயர்தான். ஓவர்டிரைவில் இருந்து இறக்காமல், ஏற்ற இறக்கம் குறைவான நாட்டில் நாள் முழுக்க இழுக்கிறவருக்கு 4.10 தான்.

நின்ற இடத்தில் இருந்து கிளம்புவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் கியர் 5.61. 4.10 உடன் பெருக்கினால் 23, 3.54 உடன் கிட்டத்தட்ட 20. படகு இறக்கும் சரிவில் இருந்து மேலே வருவதும், சரிவில் ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பதும் கிளட்சைத் தின்கிற வேலைகள், அங்கே இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். நிறுவனம் 4.10 வண்டிக்கு அதிக இழுவை எடையை அனுமதித்ததும் சும்மா இல்லை. கையேட்டில் உங்கள் ரேஷியோவுக்கு என்ன எடை போட்டிருக்கிறதோ அதற்குள் இருங்கள்.

சரி, இப்போது மலைக்கு வருவோம். கொலராடோவில் ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும் பாதை இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சுரங்கம் கடல் மட்டத்தில் இருந்து 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்றம் சில இடங்களில் 7 சதவீதம் வரை. கணக்குக்கு 6 சதவீதம் எடுத்துக்கொள்வோம், அதே 8 டன்.

72 கி.மீ. வேகத்தில் (45 மைல்) இந்த ஏற்றத்தை ஏற இன்ஜினிடம் சுமார் 195 குதிரை வேண்டும். அதற்கு ஆர்.பி.எம் குறைந்தது 2,350 ஆக இருக்க வேண்டும். நான்காவது கியரில், அது 1.00, 3.54 வண்டி அந்த வேகத்தில் 1,750 இல் இருக்கும், 4.10 வண்டி 2,020 இல் இருக்கும். இரண்டுக்கும் போதாது, இரண்டும் வேகம் இழக்கும். மூன்றாவதுக்கு இறக்கலாம் என்றால் என்.வி.4500 இன் மூன்றாவது கியர் 1.67. 3.54 வண்டி 2,900 க்கு மேல் போகும், 4.10 வண்டி 3,400 ஐத் தொடும். கவர்னர் விடாது.

ஆகவே இரண்டு வண்டியும் வேகம் குறைந்து குறைந்து, மூன்றாவது கியர் ஏற்றுக்கொள்ளும் இடம் வரைக்கும் விழ வேண்டும். 3.54 வண்டிக்கு மூன்றாவது கியரில் 2,500 என்பது 62 கி.மீ. அந்த வேகத்தில் தேவைப்படுவது 160 குதிரை, கையில் இருப்பது 200 க்கு மேல். அங்கே பிடித்து நின்றுவிடும், மிச்சமும் இருக்கும். 4.10 வண்டி? நான்காவதில் 60 கி.மீ. போகும்போது 1,690 ஆர்.பி.எம், 140 குதிரை, தேவையோ 154. நிற்காது, இன்னும் விழும். மூன்றாவதுக்கு மாற்றினால் 2,500 என்பது 53 கி.மீ.தான். கனமான லோடோடு ஒரே மேட்டில் 3.54 வண்டி 62 இல், 4.10 வண்டி 53 இல். "லோடுக்கு 4.10" என்று சொன்னவர்கள் இந்த இடத்தை யோசித்திருக்க மாட்டார்கள்.

அதே மேட்டில் மொத்த எடை 6 டன் என்று வைத்துப் பாருங்கள், கதை மாறிவிடும். 72 கி.மீ. வேகத்துக்கு 155 குதிரை போதும், 4.10 வண்டி நான்காவதிலேயே 2,020 இல் 168 குதிரையோடு வேகம் விடாமல் ஏறிவிடும். 3.54 வண்டியிடம் நான்காவதில் 145 தான் இருக்கிறது, 65 கி.மீ. பக்கத்தில் வந்து 1,600 பக்கத்தில் முக்கிக்கொண்டு, எக்ஸாஸ்ட் சூட்டை ஏற்றிக்கொண்டு போகும்.

இதில் குற்றவாளி டிஃப்ரன்ஷியல் இல்லை. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே இருக்கிற 1.67 என்ற பள்ளம்தான். ஆயிரம் ஆர்.பி.எம் மட்டும் இடம் உள்ள இன்ஜினுக்கு இது பெரிய பள்ளம். 2,500 இல் மூன்றாவதில் ஓடிக்கொண்டிருக்கும்போது நான்காவதுக்கு மாற்றினால் நேராக 1,500 இல் போய் விழும். ரேஷியோவை மாற்றினால் இந்தப் பள்ளம் மூடாது, வேறு வேகத்துக்கு நகரும், அவ்வளவுதான். உங்கள் எடைக்கும் உங்கள் மேட்டுக்கும் அந்தப் பள்ளம் எந்த வேகத்தில் வந்து விழுகிறது என்று பார்ப்பதுதான் ரேஷியோ தேர்வு.

இதனால்தான் 1999 வாக்கில் வந்த என்.வி.5600 ஆறு கியர் பெட்டியை நான் இவ்வளவு மதிக்கிறேன். அதில் மேல் கியர்கள் 2.04, 1.39, 1.00, 0.73. அந்த 1.39 தான் விஷயம். 3.54 உடன் 72 கி.மீ. வேகத்தில் அது 2,430 ஆர்.பி.எம் தருகிறது, 8 டன்னுக்குத் தேவையான 195 குதிரை அங்கே இருக்கிறது, வேகம் விழவே வேண்டாம். அந்தக் காலத்து 24 வால்வு இன்ஜினின் உச்ச சக்தி 2,700 ஆர்.பி.எம்மில் 235 குதிரை என்பதால் இன்னும் வசதி. 4.10 உடன் அதே வேகம் 2,810, கொஞ்சம் அதிகம்தான், 68 கி.மீ. வேகத்தில் 2,650 க்கு வந்துவிடும், அதுவும் பரவாயில்லை. ஆறு கியர் பெட்டி இருக்கிற வண்டிக்கு நான் யோசிக்காமல் 3.54 சொல்வேன். காலியாக ஓடும்போது சுகம், மேட்டிலும் குறை இல்லை.

ஆட்டோமேட்டிக் வண்டிக்குக் கணக்கு வேறு. 47 ஆர்.இ. பெட்டியில் 2.45, 1.45, 1.00, 0.69. பள்ளம் 1.45 தான், பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனி கொடுத்தபடி இருக்கும் வண்டியில் டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் பாகம்) மூன்றாவதிலும் ஓவர்டிரைவிலும்தான் லாக் ஆகும். இரண்டாவதில் மேடு ஏறினால் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், வழுக்குவது முழுக்க எண்ணெயில் சூடாகப் போகும், அந்தச் சூடுதான் இந்தப் பெட்டிகளைக் கொல்கிறது. 12 வால்வு இன்ஜினை ஆட்டோமேட்டிக்கோடு கொடுத்தபோது சக்தியையும் 180 குதிரைக்குக் குறைத்தே கொடுத்தார்கள். ஆகவே லாக் ஆன மூன்றாவது கியரிலேயே மேட்டை ஏற முடிகிற ரேஷியோ வேண்டும், அது 4.10. 72 கி.மீ. வேகத்தில் 2,020, லாக் ஆகியே போகும். அடிக்கடி ட்ரெய்லர் இழுக்கிற ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 3.54 வேண்டாம். காலியாகவே ஓடப்போகிறது என்றால் 3.54 அருமை, 105 இல் 1,760 தான்.

(1989 முதல் 1991 வரை வந்த ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ஓவர்டிரைவே கிடையாது, மூன்றே கியர், அதற்காகவே டிஃப்ரன்ஷியலில் 3.07 போட்டார்கள். 105 கி.மீ. வேகத்தில் 2,200 சுற்றும். ஓவர்டிரைவில் ஓடும் 4.10 மேனுவல் வண்டி சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் மேல். டிஃப்ரன்ஷியல் எண்ணை மட்டும் பார்த்து வண்டியை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.)

டயரை மறந்துவிடாதீர்கள். பலர் வாங்கிய மறுவாரமே 35 அங்குல டயர் மாட்டுகிறார்கள். விட்டம் 0.774 இல் இருந்து 0.889 க்குப் போகிறது. 4.10 வண்டி அந்த டயரில் 3.57 ரேஷியோ உள்ள வண்டியாக மாறிவிடும். 3.54 வண்டியில் அதே டயரை மாட்டினால் 3.08 ஆகும், பழைய மூன்று கியர் வண்டியின் டிஃப்ரன்ஷியலை ஓவர்டிரைவோடு ஓட்டுவது போல, 88 கி.மீ. வேகத்தில் 1,360. அதில் ட்ரெய்லர் மாட்டினால் ஐந்தாவது கியரைத் தொடவே முடியாது. பெரிய டயர் மாட்டியே தீருவேன் என்கிறவருக்கு 4.10 தான், விவாதமே இல்லை. ஸ்பீடோமீட்டரையும் சரிசெய்துகொள்ளுங்கள், பெரிய டயரில் அது குறைத்துக் காட்டும்.

ஏற்கெனவே வண்டி வைத்திருக்கிறவர் என்ன செய்யலாம்? கியர் செட் மாற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் முன்னாலும் பின்னாலும் இரண்டு டிஃப்ரன்ஷியலும் ஒரே ரேஷியோவாக இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஃபோர் வீலில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இறுகிவிடும். கிரௌன் பினியன், பேரிங், சீல், அதைவிட முக்கியமாக பேக்லாஷையும் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) பல் படியும் தடத்தையும் பொறுமையாகப் பார்த்து வைக்கிற கைத்திறன், எல்லாம் இரண்டு மடங்கு. உடைப்புக் கடையில் சரியான ரேஷியோவோடு முழு அச்சாகக் கிடைத்தால் பெரும்பாலும் அது மலிவு, வேலையும் நம்பகம்.

12 வால்வு வண்டியில் பி7100 டீசல் பம்பின் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றி 3,000 வரை ஓட விடுவது மிகச் சின்னச் செலவு. மேலே பார்த்த 62 கி.மீ. மூன்றாவது கியர் 72 வரை நீளும், 3.54 வண்டியின் பள்ளம் பாதி மூடிவிடும். என் பார்வையில் கனமாக இழுக்கிற 3.54, ஐந்து கியர் வண்டிக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான். மேட்டில் மட்டும் 2,800 வரை விடுங்கள், நாள் முழுக்க அல்ல. வால்வு ஸ்பிரிங் பழசாக இருந்தால் அதையும் கையோடு மாற்றுங்கள்.

4.10 வண்டி வைத்திருக்கிறவருக்குக் கியர் வெண்டார்ஸ் துணை ஓவர்டிரைவ் இருக்கிறது, ரேஷியோ 0.78. நெடுஞ்சாலையில் ஆர்.பி.எம் குறையும் என்று மட்டும் நினைக்காதீர்கள், மூன்றாவது கியரோடு சேர்த்துப் போட்டால் 1.67 என்பது 1.30 ஆகிவிடும், 8 டன்னோடு அந்த மேட்டில் 53 க்குப் பதிலாக 68 கி.மீ. போகலாம். விலை கொஞ்சம் கசக்கும். அந்த விலைக்கு ஆறு கியர் பெட்டி ஒன்று நல்ல நிலைமையில் கிடைத்தால் அதை ஏற்றுவதையே நான் விரும்புவேன், கிளட்சும் எப்படியும் மாற்ற வேண்டிய வயதில்தான் இருக்கும்.

இறக்கத்துக்கும் இதே கணக்கு உண்டு. எக்ஸாஸ்ட் பிரேக் (எக்ஸாஸ்டை அடைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிப்பது) ஆர்.பி.எம் கூடக் கூடத்தான் பிடிக்கும், 1,500 இல் அது பேருக்குத்தான். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்கினால் ஆர்.பி.எம் 2,000 க்கு மேல் இருக்கும், பிரேக் லைனிங் ஆறியே இருக்கும். இந்த விஷயத்தில் 4.10 க்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

புது வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007 இன் நடுவில் இருந்து 2024 மாடல் வரை 6.7 லிட்டர் கம்மின்ஸோடு வந்த 68 ஆர்.எஃப்.இ. ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் மேல் கியர்கள் 1.00, 0.82, 0.63. 2013 இல் இருந்து 3.42, 3.73, 4.10 மூன்றும் கிடைத்தன. 0.803 மீட்டர் விட்டம் உள்ள டயரில் 105 கி.மீ. வேகத்தில் 3.42 ஆறாவதில் 1,500, ஐந்தாவதில் 1,950. காலியாகப் போக ஆறாவது, இழுக்க ஐந்தாவது, கை தொடாமலே நடக்கும். 3.42 ஐ இழுவைக்கு ஆகாது என்று ஒதுக்குவது பழைய ஐந்து கியர் காலத்துப் பேச்சு. மிகக் கனமாக, வாரம் முழுக்க இழுக்கிற 3500 க்கு மட்டும் 3.73 அல்லது 4.10 எடுங்கள். ஃபோர்டிலும் செவர்லேயிலும் 2020 முதல் வந்துவிட்ட பத்து கியர் பெட்டிகளில் பள்ளங்களே சிறிதாகிவிட்டன, அங்கே ரேஷியோவைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் டயர் காற்றைச் சரிபார்க்கலாம்.

ஆக, 1994 முதல் 2002 வரையிலான வண்டிக்கு நான் சொல்வது இதுதான். ஆறு கியர் மேனுவல் என்றால் 3.54. இழுக்கிற ஆட்டோமேட்டிக் என்றால் 4.10. ஐந்து கியர் மேனுவலில் எடை 6 டன் பக்கம், வேகம் 55, 60 மைல் என்றால் 4.10. வேகமாகப் போகிற சாலை, அல்லது பெரும்பாலும் காலி, அல்லது எப்போதாவது மிகக் கனமாக மலை ஏறுவது என்றால் 3.54 ஐ எடுத்து கவர்னர் ஸ்பிரிங் மாற்றுங்கள்.

வாங்கப் போகும்போது விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பின் டிஃப்ரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகரத் துண்டு மாட்டியிருக்கும். அழுக்கைத் துடைத்துப் பாருங்கள், 46-13 என்றால் 3.54, 41-10 என்றால் 4.10. கிரௌன் வீலிலும் பினியனிலும் உள்ள பற்களின் எண்ணிக்கை அது. (3.54 இன் பினியனில் பதின்மூன்று பல், 4.10 இல் பத்துதான், அதனால் 3.54 இன் பினியன் பருமனாகவும் பலமாகவும் இருக்கும், இதுவும் அதன் பக்கம் ஒரு காரணம்.) தகடு இல்லையென்றால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள், இன்னொருவர் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணட்டும். மூன்றரைச் சுற்று வந்தால் 3.54, நான்கைக் கொஞ்சம் தாண்டினால் 4.10. லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்ற விடாதது) என்றால் ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் சுற்றாது, இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி ஒரே சுற்று சுற்றினால் போதும். ஃபோர் வீல் டிரைவாக இருந்தால் முன் அச்சையும் இதே மாதிரி எண்ணிவிடுங்கள், பின் அச்சை மட்டும் மாற்றிவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.